பனிச்சரிவு அபாயம்: குல்மார்க் செல்வோர் கவனத்திற்கு

காஷ்மீரின் குல்மார்க்கில் ரோப்கார் ஏறி, அபர்வத் மலையின் கண்காணிக்கப்படாத பகுதிகளில் பனிச்சறுக்கச் செல்வோர், 30 முதல் 45 பாகை வரை சாய்வுள்ள இடங்களிலேயே பெரும்பாலான பனிச்சரிவுகள் கிளம்புகின்றன என்பதையும், அவற்றில் சிக்குவோரில் பலர் தாமோ உடன்வந்தவரோ பனியின்மீது கொடுத்த அழுத்தத்தாலேயே சிக்குகிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவர் இங்கே உயிரிழந்தார். புதுப்பனி கொட்டிய மறுநாள், வானம் எவ்வளவு தெளிந்திருந்தாலும், தயவுசெய்து பொறுத்திருங்கள். காலடியில் ‘வும்ப்’ என்று பனி அமுங்கும் ஓசை கேட்டாலோ, மிதித்த இடத்திலிருந்து விரிசல் ஓடினாலோ, வந்த வழியே திரும்பிவிடுங்கள். டிரான்ஸ்சீவர் (புதைந்தவரைக் கண்டறிய சமிக்ஞை அனுப்பிப் பெறும் கருவி), துழாவுகோல் (பனிக்குள் குத்தித் தேடும் நீண்ட கோல்), ஷவல் (பனியை அள்ளும் மண்வாரி) மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். ஏனெனில் புதைந்தவரைச் சுமார் 15 நிமிடத்துக்குள் தோண்டியெடுக்க அருகில் இருப்பவர்களால்தான் முடியும். சாய்வை ஒவ்வொருவராகவே கடக்க, மற்றவர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்று அவர்மீதே கண் வைத்திருக்க வேண்டும்.