சேலத்துக்குப் போகும் ஐ.பி.எஸ். வயிறுகளுக்கு: காலையில் என்ன சாப்பிடலாம்?

முதல் தடவை, "எனக்கு ஐ.பி.எஸ். இருக்கு பெரியம்மா" என்றேன். "போலீசு வேலையா கண்ணு? சொல்லவே இல்லியே!" என்றார். நான் சொன்னது எரிச்சல் குடல் நோயை (Irritable Bowel Syndrome). அதற்குப் பிறகு ஊரில் நோயின் பெயரையே எடுப்பதில்லை. "கோதுமை, வெங்காயம், பூண்டு மூணும் வயித்துக்கு ஒத்துக்கல" என்பேன். அது புரிந்துவிடுகிறது.

புரிந்தவுடன் வருவதுதான் வம்பு. வயிறு சரியில்லாத பிள்ளைக்கு என்று ஒரு டம்ளர் சத்துமாவுக் கஞ்சி வரும். வீட்டில் அரைக்கும் சத்துமாவில் பெரும்பாலும் கோதுமை, பொட்டுக்கடலை, பாசிப்பயறு, முந்திரி எல்லாம் இருக்கும். நம் வயிற்றுக்கு ஆகாதவற்றைத் தேடிப் பிடித்து அரைத்தது போல. இரவுக்கு "லேசா" என்று சப்பாத்தி. இரண்டையும் அன்போடு மறுத்துவிடுங்கள்.

கோதுமையில் ஃப்ரக்டான் என்றொரு கார்போஹைட்ரேட் உண்டு. அதைச் செரிக்க மனிதக் குடலில் நொதி கிடையாது. பெருங்குடலில் பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைப்பதில் வாயு உண்டாகிறது. மற்றவர்களுக்கு அது தெரியாமலே போய்விடும். நம் குடலுக்கு உணர்ச்சி அதிகம் என்பதால் உப்புசமும் வலியும் வருகின்றன. மெல்பர்னின் மோனாஷ் பல்கலைக்கழகம் வகுத்த லோ ஃபாட்மேப் முறை, அதாவது இப்படிக் குடலில் புளித்து வாயு உண்டாக்கும் உணவுகளைக் குறைக்கும் முறை, இதை வைத்துத்தான். ஊரில் மறந்துபோகிற ஒன்று: ரவையும் சேமியாவும் கோதுமைதான். ஓட்டலில் "உப்புமா" என்றால் என்ன ரவை என்று கேளுங்கள். ரவா தோசையும் அப்படித்தான்.

அரிசிக்குப் பயமே வேண்டாம். சேலம் பக்கத்தில் சந்தகை என்கிற இடியாப்பம், எலுமிச்சை பிழிந்து தாளித்தது, எனக்கு முதல் தேர்வு. அவல் உப்புமாவும் நல்லது, வெங்காயம் போடாமல் கிண்டச் சொல்லுங்கள். இட்லியில் உளுந்து இருக்கிறதே என்பீர்கள். நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்குதான் உளுந்து. ஊறவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டினால் வாயு உண்டாக்கும் சர்க்கரைகளில் ஒரு பகுதி அதோடு போகும், புளிப்பதில் இன்னும் கொஞ்சம் குறையும். இரண்டு இட்லியில் தொடங்கிப் பாருங்கள். இட்லியைப் பழிக்கிறவர்கள் பெரும்பாலும் சாம்பாரைத்தான் பழிக்க வேண்டும்: துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு மூன்றும் ஒரே கிண்ணத்தில். தேங்காய்ச் சட்னி கொஞ்சம் போதும். வெண்பொங்கலில் முந்திரியைப் பொறுக்கி வையுங்கள், பாசிப்பருப்பைக் குறைத்து வீட்டில் செய்தால் இன்னும் நல்லது.

சேலத்துக்கே உரிய ஒன்றை விட்டுவிடாதீர்கள்: ஜவ்வரிசி. தானியமல்ல, மரவள்ளிக் கிழங்கின் மாவு. சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் 1981 முதல் நடக்கிற ஊர் இது. ஊறவைத்து, வறுத்த நிலக்கடலை பொடித்துப் போட்டுக் கிளறினால் வயிறு சத்தம் போடாது. வெறும் மாவுச்சத்துதான், சர்க்கரை நோய் உள்ளவர்கள் அளந்து சாப்பிடுங்கள்.

கம்பு, சாமை, கேழ்வரகு எல்லாம் செவ்வாய்ப்பேட்டை, லீ பஜார் பக்கம் கிடைக்கும். நல்லவைதான். ஆனால் வெளிநாட்டில் வெள்ளை அரிசியிலேயே இருந்துவிட்டு வந்து இறங்கிய மறுநாளே ஒரு சொம்பு கம்மங்கூழ் குடித்தால் நார்ச்சத்து திடீரென்று ஏறி வயிறு ஊதும். அரை டம்ளரில் தொடங்குங்கள். கூழுக்குக் கடிக்கத் தரும் வெங்காயத்துக்குப் பதில் மோர்மிளகாய் கேளுங்கள்.

ஏற்காட்டுக் காபிக்கு வருவோம். நம்மூர் ஃபில்டர் காபித் தூளில் சிக்கரி கலப்பது வழக்கம். சிக்கரி வேரில் நிறைய இருப்பது இனுலின், அதுவும் ஃப்ரக்டான்தான். பாலைக் குறை சொல்லிக்கொண்டிருந்த எனக்கு இது தெரியவே பல வருடம் ஆயிற்று. தூள் வாங்கும்போது "சிக்கரி இல்லாம" என்று சொல்லி வாங்குங்கள். பாலும் ஆகாதவர்கள், பால் சர்க்கரையைச் செரிக்க உதவும் லாக்டேஸ் மாத்திரையை வெளிநாட்டிலிருந்தே எடுத்து வாருங்கள்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி இருந்தால் அதை ஐ.பி.எஸ். என்று தள்ளிவிடாதீர்கள், பயணத்துக்கு முன்பே மருத்துவரிடம் காட்டுங்கள். கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் குடல் பாதிக்கப்படும் நோய் சீலியாக்; அதற்கான பரிசோதனையை, கோதுமையை நிறுத்துவதற்கு முன் செய்ய வேண்டும். சீலியாக் உள்ளவர்கள் பெருங்காயத் தூளையும் பார்க்க வேண்டும், கட்டிப் பெருங்காயத்தில்கூட மைதா சேர்ப்பது உண்டு.

ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அன்று காலை இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டு, அடிவாரத்திலேயே கழிப்பறை போய்விட்டு ஏறுங்கள். காபியை மேலே போய்க் குடித்துக்கொள்ளலாம்.