நிலக்கரிக்குள் கார்பனை எண்ணுவது எப்படி? திடநிலை என்.எம்.ஆர். முதல் பாடம்

காந்தப்புலத்தில் அணுக்கருக்கள் தரும் ரேடியோ சமிக்ஞையைக் கொண்டு, அணுக்கள் எவ்வகைச் சூழலில் உள்ளன என்று அறியும் முறைதான் என்.எம்.ஆர். நிலக்கரி எந்தக் கரைப்பானிலும் முழுதாகக் கரையாது. ஆகவே திரவங்களுக்கான கண்ணாடிக் குழாயை மறந்துவிட்டு, பொடியை அப்படியே அளக்கப் போகிறோம். அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகம் ஆய்வாளர்களுக்காகச் சேமித்த 8 நிலக்கரிகளில் ஒன்றான பியூலா-சாப், வடக்கு டகோட்டாவின் பழுப்பு நிலக்கரி. அதுதான் நம் மாதிரி.

முதல் படி, பொடி. இந்த நிலக்கரியின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரம். அதை வெற்றிடத்தில் உலர்த்துங்கள். காற்றில் சூடாக்கினால் ஆக்சிஜனேற்றம் அடைந்துவிடும். 4 மில்லிமீட்டர் சிர்க்கோனியா ரோட்டரில் (சுழலும் சிறு பீங்கான் குழாயில்) சீராக அடையுங்கள். ஒரு பக்கம் கனத்தால் ரோட்டர் தள்ளாடும், சுழலாது. பொறுமையைச் சோதிக்கும் வேலை இதுதான்.

இரண்டாம் படி, சுழற்சி. ரோட்டரைக் காந்தப்புலத்துக்கு 54.7 பாகை சாய்த்துச் சுழற்றினால் அகன்ற உச்சிகள் ஒடுங்கும். வேகத்தைக் கணக்கிட்டே தேர்ந்தெடுங்கள். நிறமாலையில் உச்சியின் இடத்தைப் பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அலகில் குறிப்போம்; 9.4 டெஸ்லா காந்தத்தில் கார்பனுக்கு 1 பி.பி.எம். என்பது ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸ். விநாடிக்கு 5,000 சுற்று என்றால், 128-இல் நிற்கும் அரோமாட்டிக் (பென்சீன் போன்ற வளையக் கார்பன்) உச்சிக்குச் சுழற்சி உண்டாக்கும் போலி நகல்கள் 78-லும் 28-லும் விழுந்து அலிபாட்டிக் (அத்தகைய வளையத்தில் இல்லாத, ஒற்றைப் பிணைப்புக் கார்பன்) பகுதியைக் கெடுக்கும். 10,000 சுற்றிலும் 28-இல் தொல்லை தீராது. 14,000 சுற்றில் நகல் பூச்சியத்துக்கு வெளியே போய்விடும்.

அடாமன்டேன் என்ற திண்மச் சேர்மத்தின் 38.5 பி.பி.எம். உச்சியை வைத்து அளவுகோலைச் சரிசெய்துவிட்டு அளவீட்டுக்கு வாருங்கள்.

என்.எம்.ஆர். சமிக்ஞை தரும் கார்பன் வகையான கார்பன்-13 இயற்கையில் 1.1 சதவீதமே. அதனால் புரோட்டானின் (ஹைட்ரஜன் அணுக்கருவின்) காந்தத்தன்மையைக் கார்பனுக்குக் கடன் வாங்குவது வழக்கம். இந்தக் கடன் கைமாறும் நேரம்தான் தொடர்பு நேரம்; 1 முதல் 2 மில்லிவிநாடி போதும். நிறமாலை விரைவில் அழகாக வரும். அந்த அழகில் மயங்காதீர்கள்! ஹைட்ரஜனுக்குத் தொலைவில், பெரிய வளையக் கூட்டங்களின் நடுவில் இருக்கும் கார்பன்களுக்குக் கடன் சரியாகக் கிடைப்பதில்லை. அரோமாட்டிக் பங்கு குறைவாகத் தெரியும். தொடர்பு நேரத்தை மாற்றி மாற்றி அளந்து திருத்தலாம். அல்லது கார்பனை நேரடியாகத் தூண்டி, ஒவ்வொரு துடிப்புக்கும் இடையே நீண்ட நேரம் காத்திருக்கலாம். இரவு முழுதும் ஓடினாலும் என் ஓட்டு இதற்கே.

இனி உச்சிகளின் கீழுள்ள பரப்பளவு; ஒரு பகுதியின் பரப்பை மொத்தப் பரப்பால் வகுத்தால் அவ்வகைக் கார்பனின் பங்கு கிடைக்கும். 0–90 பி.பி.எம். அலிபாட்டிக், 90–165 அரோமாட்டிக், 165–220 கார்பனைல் (ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பில் உள்ள கார்பன்). 56 அருகே சிறு மேடு தெரிந்தால் அது மெத்தாக்சி (ஆக்சிஜனோடு இணைந்த மெத்தில் குழு), மரத்தின் லிக்னின் விட்டுச்சென்ற தடயம். 1989-இல் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பியூலா-சாப்புக்குக் கண்ட அரோமாட்டிக் பங்கு 0.54, முதிர்ந்த பொகஹொன்டாஸ் நிலக்கரிக்கு 0.86. உங்கள் எண் 0.54-க்கு வெகுவாகக் கீழே இருந்தால் தொடர்பு நேரத்தைச் சந்தேகியுங்கள்.

கை பழகியதும், ஹைட்ரஜனின் குறுக்கீட்டை அடக்கும் புரோட்டான் ரேடியோ அலையைப் பதிவுக்கு முன் 40 மைக்ரோவிநாடி நிறுத்திப் பாருங்கள். ஹைட்ரஜன் ஒட்டிய கார்பன்கள் பெரும்பாலும் மறையும்; ஹைட்ரஜன் இல்லாதவையும், ஓயாமல் சுழலும் மெத்தில் குழுக்களும் மட்டும் எஞ்சும்.