சமூகத் தோட்டங்கள் கூட்டுச் சேரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கூட்டாளி வேண்டும் என்ற எண்ணம் வந்ததும், ஊர் மக்கள் சேர்ந்து பயிரிடும் சமூகத் தோட்டங்களை நடத்தும் தொண்டு நிறுவனங்களில் பெரும்பாலும் முதலில் தயாராவது திட்ட அறிக்கை. அதற்கு முன்பே கையில் எடுக்க வேண்டியது நிலப் பத்திரம். தோட்டம் யாருடைய நிலத்தில் இருக்கிறது, எத்தனை ஆண்டுக்கு, வெளியேறச் சொன்னால் எத்தனை நாள் அவகாசம் என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் இருக்க வேண்டும். அது இல்லாமல் கூட்டுச் சேர்வதையே முதல் தவறாகச் சொல்வேன். மற்றவற்றைத் திருத்திக்கொள்ளலாம், இதைத் திருத்த முடியாமலே போகலாம்.

லாஸ் ஏஞ்சலஸின் சவுத் சென்ட்ரல் பண்ணையை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. 1992 கலவரத்துக்குப் பின் உருவான, சுமார் 14 ஏக்கர் தோட்டம் அது. ஏறத்தாழ 350 குடும்பங்கள் அங்கே பயிரிட்டன. ஆனால் அவர்கள் கையில் இருந்தது, ஓர் உணவு வங்கி வழியாகக் கிடைத்த தற்காலிக அனுமதி மட்டுமே. 2003-ல் நகர நிர்வாகம் நிலத்தைப் பழைய உரிமையாளருக்கே விற்றது. பிறகு ஆதரவு பெருகியது, திரை நட்சத்திரங்கள் வந்து நின்றார்கள், நிலத்தை வாங்கப் பெரும் தொகைக்கும் ஏற்பாடானது. உரிமையாளர் விற்க மறுத்துவிட்டார். 2006 ஜூனில் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன, புல்டோசர் உள்ளே வந்தது.

நியூயார்க்கில் முடிவு வேறாக இருந்தது. 1999-ல் நகர நிர்வாகம் 114 தோட்டங்களை ஏலத்துக்கு விட முன்வந்தது. தோட்டக்காரர்கள் தெருவில் இறங்கினார்கள், வழக்குகள் நடந்தன. ஏலம் நடப்பதற்குச் சற்று முன், டிரஸ்ட் ஃபார் பப்ளிக் லேண்ட், நியூயார்க் ரெஸ்டோரேஷன் ப்ராஜெக்ட் என்ற இரு அமைப்புகள் அந்த நிலங்களை விலைக்கு வாங்கிக் காப்பாற்றின. நிலத்தை வாங்கவோ நீண்ட குத்தகைக்கு எடுத்துத் தரவோ வல்ல அமைப்பு உள்ளூரில் இருந்தால், நன்கொடையாளரைத் தேடுவதற்கு முன் அவர்கள் கதவைத் தட்டுங்கள்.

அடுத்த தவறு, பாத்தியில் வேலை செய்பவர்கள் இல்லாமலே பேச்சுவார்த்தை நடத்துவது. இயக்குநரும் நகராட்சி அதிகாரியும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். தண்ணீர்க் குழாய் காலை ஒன்பது மணிக்குத்தான் திறக்கும் என்பது அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரியாக இருக்கும். விடியற்காலையில் நீர் பாய்ச்சிவிட்டு வேலைக்குப் போகிறவர் அங்கேயே தோட்டத்தைக் கைவிடுவார். பேச்சு நடக்கும் மேசையில் தோட்டக்காரர்கள் இரண்டு பேராவது, வாக்குரிமையோடு உட்கார வேண்டும்.

நிறுவனங்கள் அனுப்பும் ஒருநாள் தன்னார்வலர்களிடமும் எச்சரிக்கை தேவை. ஐம்பது பேர் ஈர மண்ணை ஒரே நாளில் மிதித்தால் அது இறுகிவிடும், வேர் இறங்காது. அவர்கள் நட்ட நாற்றுக்கு மறுவாரம் களை எடுக்க ஆளிருக்காது. ஐம்பது பேர் ஒருநாள் வருவதைவிட, ஐந்து பேர் பத்து வாரம் வரட்டும் என்று தயங்காமல் கேளுங்கள். பள்ளியோடு சேர்ந்தால், கோடை விடுமுறையில் தண்ணீர் ஊற்றுவது யார் என்பதை முதல் கூட்டத்திலேயே முடிவு செய்யுங்கள். செடிக்குத் தண்ணீர் அதிகம் வேண்டிய நேரமும் பள்ளி பூட்டிக் கிடக்கும் நேரமும் பெரும்பாலும் ஒன்றே. பிள்ளைகள் கைவைக்கும் மண்ணில் ஈயம் இருக்கிறதா என்பதையும் முன்கூட்டியே சோதித்துவிட வேண்டும். பழைய பெயிண்ட், ஒரு காலத்துப் பெட்ரோல் புகை இரண்டும் நகர மண்ணில் அதை விட்டுச் சென்றிருக்கின்றன.

வெளிநாட்டுக் கூட்டு என்றதும் நட்பின் அடையாளமாக விதை அனுப்பத் தோன்றும். எனக்கு அந்த ஆசை நன்றாகவே புரிகிறது. ஆனாலும் வேண்டாம். பெரும்பாலான நாடுகள் விதைக்கும் செடிக்கும், நோயோ பூச்சியோ இல்லை என்று உறுதி சொல்லும் தாவர நலச் சான்றிதழ் கேட்கின்றன, அதற்குக் காரணம் இருக்கிறது. 2013-ல் இத்தாலியின் புலியா பகுதி ஆலிவ் மரங்களில் சைலெல்லா என்ற பாக்டீரியா கண்டறியப்பட்டது. மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த அலங்காரக் காபிச் செடிகளோடு அது நுழைந்திருக்கக் கூடும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பல லட்சம் மரங்கள் பட்டுப்போயின.

முறையாக வந்த விதையும் பலன் தரும் என்று சொல்ல முடியாது. வெங்காயம் குமிழ் கட்டுவது பகலின் நீளத்தைப் பொறுத்தது. வடக்கு நாடுகளின் ரகங்கள் பலவற்றுக்கு 14 மணி நேரத்துக்கும் மேற்பட்ட பகல் வேண்டும். நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர்களில் ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம்தான், அதனால் அங்கே தாள் தழைக்கும், அடியில் ஒன்றும் திரளாது. கடல் தாண்டிப் பரிமாறிக்கொள்ளச் சிறந்தது அனுபவம்: மட்கு எப்படிச் செய்தோம், சண்டையை எப்படித் தீர்த்தோம், தண்ணீர்க் கட்டணத்தை எப்படிப் பகிர்ந்தோம்.

இங்கிலாந்தின் டாட்மார்டன் என்ற சிற்றூரில் 2008-ல் தொடங்கிய இன்க்ரெடிபிள் எடிபிள் இயக்கம் அப்படித்தான் பரவியது. காவல் நிலைய வாசல், ரயில் நிலையம் எனப் பொது இடங்களில் காய்கறி நட்டு, யார் வேண்டுமானாலும் பறித்துக்கொள்ளலாம் என்றார்கள். பிரான்ஸ் உள்ளிட்ட பல நாட்டினர் அந்தக் கருத்தை எடுத்து, தங்கள் ஊருக்கு ஏற்பச் செய்துகொண்டார்கள்.

பணம் வருவதாக இருந்தால், பெறும் நாட்டின் சட்டத்தை முதலில் படியுங்கள். இந்தியாவில் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு, வெளிநாட்டு நன்கொடை பெற்ற ஓர் அமைப்பு அதை இன்னோர் அமைப்புக்கு மாற்றித் தர முடியாது. பெரிய நிறுவனம் வாங்கிச் சிறிய தோட்டங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் என்ற திட்டம் அங்கே முதல் படியிலேயே நின்றுவிடும்.

நன்கொடையாளருக்கு அறிக்கை தர வேண்டிய தேதியையும் முதலிலேயே பாருங்கள். நன்கொடையாளரின் நிதியாண்டு முடியும் மாதத்தில் உங்கள் பாத்தியில் நாற்று மட்டுமே இருக்கலாம். விதைப்பு, அறுவடை மாதங்களை ஒப்பந்தத்தில் இணைத்து, அதற்கேற்பத் தேதி கேளுங்கள். கேட்டால் பலர் ஒத்துக்கொள்வார்கள்.

பிரிவைப் பற்றி எழுத யாருக்கும் மனம் வருவதில்லை. ஆனாலும் எழுதிவையுங்கள்: கூட்டு முடிந்தால் தண்ணீர்த் தொட்டி யாருக்கு, கருவிகள் யாருக்கு, எடுத்த படங்களை யார் பயன்படுத்தலாம், நிற்கும் பயிரை அறுவடை செய்ய எத்தனை வாரம்.