தென்னைக்கும் பனைக்கும் எவ்வளவு ஒற்றுமை? டிஎன்ஏ-வைப் படமாக்கிப் பார்க்கலாம்

டிஎன்ஏ ஒப்பீடு என்றதும் பெரிய மென்பொருளும் புள்ளியியலும் வேண்டும் என்று பயந்துவிடாதீர்கள். டிஎன்ஏ என்பது ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துகளில் எழுதிய நீண்ட வரிசை. ஒரு வரிசையை நெடுக்காகவும் இன்னொன்றைக் குறுக்காகவும் எழுதி, எழுத்து ஒத்துப்போகும் கட்டத்தில் எல்லாம் ஒரு புள்ளி வைத்தால் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று கிடைத்துவிடும், படம் ஆகிவிட்டால் போட்டோவைச் சுத்தம் செய்யும் அதே வித்தைகள் இதற்கும் செல்லும். கிப்ஸ், மெக்கின்டயர் இருவரும் 1970-இல் வெளியிட்ட புள்ளிப்பட முறைதான் இது.

எங்கள் சித்தூர் தாலுகா (பாலக்காடு மாவட்டம், ஆந்திரச் சித்தூர் இல்லை) தென்னங்கள்ளுக்கும் பனங்கள்ளுக்கும் பேர்போனது, அதனால் அந்த இரண்டு மரங்களையே எடுத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே தாவரக் குடும்பம்.

முதலில் அமெரிக்காவின் என்சிபிஐ தளத்தில் உள்ள ஜென்பேங்க் என்ற டிஎன்ஏ சேமிப்பகத்துக்குப் போய் இரண்டு மரங்களின் ஆர்பிசிஎல் என்ற மரபணுவையும் ஃபாஸ்டா கோப்பாக (ஒரு தலைப்பு வரி, கீழே எழுத்துகள், அவ்வளவுதான்) இறக்குங்கள், இலவசம்தான். தேடும்போது தென்னைக்குக் கோகோஸ் நுசிஃபெரா, பனைக்குப் பொராசஸ் ஃப்ளாபெல்லிஃபெர். இலையின் பசுங்கணிகத்தில் (பச்சையம் உள்ள நுண்ணுறுப்பு) இருக்கும் இந்த மரபணு முழுதாகச் சுமார் 1,400 எழுத்து நீளம், பழகுவதற்கு அளவான சைஸ்.

அடுத்து, உலாவியிலேயே நிரல் எழுதி ஓட்ட உதவும் கூகுள் கோலாபில் பைதான் மொழிப் பக்கம் ஒன்றைத் திறந்து, கோப்பின் தலைப்பு வரியை நீக்கிவிட்டு, எழுத்துகளை நம்பை (பைதானின் கணக்கு நூலகம்) அடுக்காக மாற்றுங்கள். ஒன்றை நெடுக்காக நிறுத்தி மற்றதோடு சமமா என்று கேட்டால் ஒரே வரியில் முழு அட்டவணையும் வந்துவிடும், கிட்டத்தட்ட 20 லட்சம் கட்டங்கள். அது உண்மை, பொய் என்றுதான் வரும், மறக்காமல் 1, 0 ஆக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பிறகு கூட்டல் உதைக்கும்.

இப்போது படத்தைப் பார்த்தால் சலிப்புத் தட்டும். இருப்பதே நான்கு எழுத்து, ஆகவே சும்மா தற்செயலாகவே நாலில் ஒரு கட்டம் ஒத்துப்போகும், படம் முழுக்கப் பொடி தூவியது போல இருக்கும். நமக்கு வேண்டியது சாய்ந்து ஓடும் கோடு மட்டும்தானே? அதற்குத்தான் வடிகட்டி. 11-க்கு 11 கட்டங்கள் கொண்ட சட்டம் ஒன்றில் மூலைவிட்டத்தில் மட்டும் 1, மற்ற இடமெல்லாம் 0 வைத்து (நம்பையில் ‘ஐ’ (eye) என்ற கட்டளை இதைத் தரும்), சைபை என்ற இன்னொரு பைதான் நூலகத்தின் கான்வால்வ் கட்டளை வழியாகப் படம் முழுக்க ஓட்டுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும், அந்தச் சாய்வில் 11-இல் எத்தனை ஒத்துப்போயின என்ற எண் வந்து உட்காரும். பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் (உயிரியல் தரவைக் கணினியில் ஆராயும் துறை) பாடத்தில் இதையே ஏதோ தனி வித்தை மாதிரிச் சொல்வார்கள், உண்மையில் இது சாதாரணப் பட வடிகட்டல்.

அப்புறம் வெட்டு அளவு, அதாவது 11-இல் எத்தனை பொருந்தினால் புள்ளியை வைத்துக்கொள்வது என்பது. 11-க்கு 11 பொருந்த வேண்டும் என்றால் தற்செயலாக அப்படி அமைய வாய்ப்பு சுமார் 42 லட்சத்தில் ஒன்று, எனவே படம் பளிச்சென்று இருக்கும், ஆனால் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தாலும் கோட்டில் 11 புள்ளிகள் காணாமல் போகும். 9 போதும் என்று தளர்த்தினால் கோடு அவ்வளவு சுலபமாக அறாது, பதிலுக்குச் சுமார் 250 வேண்டாத புள்ளிகள் தலைகாட்டும். அவை சிதறிக் கிடப்பதால் கண்ணை ஏமாற்றாது, என் ஓட்டு 9-க்குத்தான்.

கோட்டைப் படிப்பது எளிது. நடுவில் சின்ன இடைவெளி என்றால் அங்கே எழுத்து மாறியிருக்கிறது. கோடு பக்கத்துச் சாய்வுக்குத் தாவினால் ஏதோ ஒன்றில் எழுத்துகள் செருகப்பட்டோ விடுபட்டோ இருக்கின்றன. இணையாக இரண்டு கோடு ஓடினால் ஒரே பகுதி திரும்ப வருகிறது. மூலையில் தொடங்காமல் ஓரத்தில் தொடங்கினால் பதற வேண்டாம், ஜென்பேங்கில் பாதி மரபணு மட்டும் ஏற்றிய பதிவுகள் ஏராளம். எத்தனை சதவீதம் ஒற்றுமை என்று துல்லியமாகக் கேட்டால் மட்டும் இந்தப் படத்தை நம்பாதீர்கள், அதற்கு இரண்டு வரிசைகளை எழுத்துக்கு எழுத்து பொருத்தும் நீடில்மன்–வுன்ஷ் முறை இருக்கிறது, அதுவும் 1970-தான்.

கை பழகியதும் தென்னையின் முழுப் பசுங்கணிக டிஎன்ஏ-வை அதனோடேயே ஒப்பிட்டுப் பாருங்கள், அங்கேதான் சுவாரசியம். அதில் இருபதாயிரம் எழுத்துக்கும் மேலான ஒரு பகுதி தலைகீழாக, ஒவ்வோர் எழுத்தும் அதன் ஜோடி எழுத்தாக மாறி, இன்னொரு முறை வருகிறது. சாதாரணப் பொருத்தத்தில் இது தெரியாது. ஒரு பக்க வரிசையில் மட்டும் ஏ-வை டி, டி-யை ஏ, ஜி-யை சி, சி-யை ஜி என்று மாற்றி, சட்டத்தையும் இடவலமாகத் திருப்பி ஓட்டினால், எதிர்ச்சாய்வில் கோடு எழும்பும். ஆனால் ஒன்றரை லட்சம் எழுத்துக்கு 2,250 கோடி கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு பைட் என்றாலே 22 ஜிபி-க்கு மேல், கோலாப் படுத்துவிடும். ஆயிரம் ஆயிரம் வரியாக நறுக்கி, நறுக்குகளுக்கு இடையே 19 வரி மேற்பொருந்த விட்டு, சட்டத்தை 20-க்கு 20 ஆக்கி முழுப் பொருத்தத்தை மட்டும் எடுத்து, நூற்றுக்கு நூறு கட்டத்துக்கு ஒரு புள்ளியாகச் சுருக்குங்கள். சுருக்கும்போது சராசரி எடுத்தால் மெல்லிய கோடு கரைந்துவிடும், அதிகபட்ச மதிப்பை எடுங்கள்.