நெல்லை வெயிலில் சின்ன ரீஃப் தொட்டி: முதல் சில வாரங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டையிலிருந்து கிளம்பினால் ஒரு மணி நேரத்தில் தூத்துக்குடி. திருச்செந்தூர், மணப்பாடு, உவரி என்று எந்தக் கரையும் எட்டாத தூரமில்லை. இந்தப் பக்கத்தில் ரீஃப் தொட்டி (பவளமும் கடல் மீனும் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டி) வைப்பவர்களின் முதல் தவறு அங்கேதான் ஆரம்பிக்கிறது. தண்ணீர், மணல், பாறை எல்லாவற்றையும் கரையிலிருந்தே அள்ளி வந்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். அந்த மூன்றுமே தொட்டிக்கு ஆகாது.

பாறையும் பவளமும் சட்டப்படியே கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கடினப் பவளங்கள் அனைத்தும், கடல் விசிறிகளும் பட்டியலில் உள்ளன. கடல் குதிரைக்கும் கடல் அட்டைக்கும் அதே பாதுகாப்பு உண்டு. செத்து வெளுத்துக் கரையில் கிடக்கும் பவளக்கல்லையும் எடுக்கக் கூடாது. இங்கே தொட்டி தொடங்குபவர்கள் ஜோவாந்திட், மஷ்ரூம், லெதர் போன்ற மென்மையான பவள வகைகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அவற்றையும் தொட்டியில் வளர்த்துப் பிரித்த துண்டுகளாகப் பார்த்து, ரசீதோடு வாங்குங்கள்.

மணப்பாட்டுக்குத் தெற்கே கரை நெடுகத் தாது மணல். அதில் கார்னெட்டோடு இல்மனைட்டும் கலந்திருக்கும். இல்மனைட்டில் இரும்பு உண்டு. கண்ணாடி துடைக்கும் காந்தத்தில் அந்தக் கறுப்புத் துகள் ஒட்டிக்கொண்டால் ஒரே இழுப்பில் நீளமாகக் கீறல் விழும். தேரி மண் என்பது இரும்புச் சிவப்பு ஏறிய குவார்ட்ஸ் மணல். பிஎச்சை, அதாவது தண்ணீரின் அமில-கார அளவைத் தாங்கிப் பிடிக்கும் சுண்ணாம்பு அதில் இல்லை. சுண்ணாம்பாலான அரகோனைட் மணலை ஓர் அங்குலத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள், அல்லது மணலே போடாமல் விடுங்கள். பாறைக்கு செராமிக்கில் செய்த செயற்கைப் பாறை போதும். 60 லிட்டர் தண்ணீருக்கு 5, 6 கிலோ சரியாக இருக்கும்.

கல்லுப்பைக் கரைத்து ஊற்றுவது இன்னொரு தவறு. உப்பளப் பாத்தியில் தண்ணீர் சுண்டச் சுண்ட, கால்சியத்தின் பெரும்பகுதி முதலில் ஜிப்சமாகப் படிந்துவிடுகிறது. அதன்பிறகு விளைவது சோடியம் குளோரைடு. மக்னீசியமும் பொட்டாசியமும் தங்கிய கசப்புத் தண்ணீரை வடித்துவிடுகிறார்கள். பவளத்துக்கு வேண்டியதெல்லாம் போக மீந்ததுதான் கல்லுப்பு. ரீஃப் சால்ட் என்று விற்கும் கலவையையே வாங்குங்கள். லிட்டருக்கு 36 முதல் 38 கிராம், 60 லிட்டருக்குச் சுமார் 2.2 கிலோ ஆகும். ஒப்படர்த்தி 1.025, கால்சியம் 400–450 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), மக்னீசியம் 1250–1350 பிபிஎம், கேஎச் (காரத்தன்மை அளவு) 8–9 இருக்க வேண்டும். தண்ணீரில்தான் உப்பைக் கொட்ட வேண்டும். உப்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் அடியில் கரைசல் கெட்டியாகி, கால்சியம் வெள்ளைப் பொடியாகப் பிரிந்துவிடும். உயிர்கள் இருக்கும் தொட்டிக்குள் உப்பை நேராகப் போடவே கூடாது. உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரை 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) கரைசலை வைத்துச் சரிபாருங்கள். வெறும் தண்ணீரில் பூஜ்யம் காட்டும் கருவி உப்பில் தப்பாகக் காட்டுவது சாதாரணம்.

உப்பைக் கரைக்கும் தண்ணீருக்கு வருவோம். குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீரை ஒரு நாள் காற்றடித்து வைத்தால் குளோரின் போய்விடும். நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் போகாது. போர் தண்ணீரில் இவற்றோடு கடினத்தன்மையும் சேரும். வீட்டு ஆர்.ஓ. போதும் என்று நினைப்பவர்கள் தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை அதில் நனைத்துப் பார்க்க வேண்டும். குடிக்க ருசியாக இருக்கட்டும் என்று வடிகட்டிய தண்ணீரோடு கொஞ்சம் வடிகட்டாத தண்ணீரைக் கலந்துவிடும் அமைப்பு பல மெஷின்களில் இருக்கிறது. அதை அடைத்து, கடைசியில் மீந்த உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் குழாய் ஒன்றைச் சேர்த்து, மீட்டர் 0 காட்டும் தண்ணீரையே எடுங்கள்.

இனி சைக்கிள், அதாவது மீன் கழிவை மாற்றும் பாக்டீரியாவைத் தொட்டியில் வளர்த்தெடுப்பது. தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிந்ததும் மூன்றாம் நாளே மீனை விடுவதுதான் அதிக உயிர்களைக் கொல்லும் தவறு. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்ற வேண்டும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்ற வேண்டும். இந்த இரண்டு கூட்டமும் பாறையில் குடியேற 4 முதல் 6 வாரம் பிடிக்கும். கடல்நீரின் பிஎச் 8.2 என்பதால், அம்மோனியாவில் நஞ்சாக இருக்கும் பங்கு சாதாரண மீன் தொட்டியைவிடப் பலமடங்கு அதிகம். அதனால்தான் நன்னீர்த் தொட்டியில் பழகியவர்களும் இதில் ஏமாந்துபோகிறார்கள்.

விலை குறைந்த டாம்சல் மீனை விட்டு சைக்கிள் ஓட்டுவது அதன் செவுளை வேகவைப்பதற்குச் சமம். உரித்த இறாலைப் போட்டு அழுகவிட்டால் எவ்வளவு அம்மோனியா வருகிறது என்ற கணக்கே இருக்காது. சுத்தமான வழி அம்மோனியம் குளோரைடு, நம் ஊரில் நவச்சாரம் என்பது அதுதான். ஆனால் பாத்திரத்துக்கு ஈயம் பூச வைத்திருக்கும் நவச்சாரம் வேண்டாம், அதில் வேறு உலோகம் கலந்திருக்கலாம். ஆய்வகத் தரத்தில் வாங்குங்கள். 3 கிராமை 100 மில்லி தண்ணீரில் கரைத்து வையுங்கள். அதில் 12 மில்லி ஊற்றினால் 60 லிட்டரில் ஏறக்குறைய 2 பிபிஎம் வரும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் சோதித்து, 0.5-க்குக் கீழே இறங்கும்போது மறுபடி ஊற்றுங்கள். 5 பிபிஎம்மைத் தாண்டினால் பாக்டீரியாவே முடங்கும். அப்போது மட்டும் பாதித் தண்ணீரை மாற்றுங்கள்.

நைட்ரைட் ஏறியிருக்கும் நாட்களில் நைட்ரேட் சோதனை கூடுதலாகக் காட்டும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். இந்த வாரங்களில் விளக்கு தேவையில்லை, போட்டால் பாசிதான் பிடிக்கும். பாட்டில் பாக்டீரியா உதவும், ஆனால் சித்திரை வெயிலில் லாரியில் வெந்து வந்த பாட்டிலை நம்பி நாள் குறிக்காதீர்கள். 2 பிபிஎம் ஊற்றி 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் 0 ஆனால் சைக்கிள் முடிந்தது. பாதித் தண்ணீரை மாற்றி நைட்ரேட்டைக் குறைத்த பிறகே முதல் உயிர்.

நம் ஊர்த் தொட்டியை அதிகம் சோதிப்பது வெப்பம். ஹீட்டருக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. தண்ணீர் 25–27 டிகிரியில் இருக்க வேண்டும். 30-க்கு மேல் நீடித்தால் பவளம் தன் உடலில் வாழும் பாசியைத் துப்பிவிட்டு வெளுத்துப்போகும். மொட்டை மாடிக்கு நேர்க் கீழே உள்ள அறையிலும் மேற்குச் சுவர் ஓரத்திலும் தொட்டியை வைக்காதீர்கள். கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு வலை போட்டு, தண்ணீரின் மேற்பரப்பில் சின்ன ஃபேன் ஒன்றைச் சாய்வாக அடிக்கவிட்டால் 2, 3 டிகிரி இறங்கும். அறையே 36-ஐத் தொட்டால் ஃபேன் போதாது, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் மெஷினோ ஏசியோ வேண்டும். ஐஸ் பாட்டிலை முக்கி எடுப்பதால் தண்ணீர் சட்டென்று குளிர்ந்து மறுபடி சூடேறும். அந்த ஏற்ற இறக்கம் வெப்பத்தைவிடக் கெடுதல்.

ஃபேன் வைத்த தொட்டியில் தண்ணீர் வேகமாக ஆவியாகும், உப்பு அங்கேயே தங்கும். 50 லிட்டரில் 2 லிட்டர் குறைந்தாலே 35 பிபிடி 36.5 ஆகிவிடும். குறைந்த அளவுக்கு உப்புத் தண்ணீர் ஊற்றுவது பலரும் செய்யும் பிழை. டிடிஎஸ் 0 தண்ணீரை மட்டும் தினமும் காலையிலும் மாலையிலும் ஊற்றுங்கள். கண்ணாடியில் ஒரு கோடு போட்டு வைத்தால் அளவு தெரியும்.

பராமரிப்புக்காகக் காலை முதல் பிற்பகல் வரை கரண்ட் நிறுத்தும் நாளில் அசையாத சூடான தண்ணீரில் ஆக்சிஜன் சீக்கிரம் தீரும். அலைமோட்டாரை இன்வெர்ட்டரில் கொடுங்கள், இல்லையென்றால் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும். தொட்டி இருக்கும் அறையில் கொசுவர்த்தியும் திரவ கொசுவிரட்டியும் கூடாது. ஏர் பம்ப் அந்தப் புகையை இழுத்துத் தண்ணீரில் கலந்துவிடும், இறால்கள் முதலில் சாகும். ஜோவாந்திட் ஒட்டிய பாறையைச் சுடுதண்ணீரில் போடவோ, கொதிக்கவைக்கவோ, வெறும் கையால் தேய்க்கவோ கூடாது. அவற்றில் இருக்கக்கூடிய பாலிடாக்சின் என்ற நஞ்சு ஆவியாகப் பரவினால் வீட்டில் உள்ள எல்லோருக்கும் ஆபத்து.

கடைசியாக, பார்சல் மீன். சென்னையிலிருந்து ராத்திரி முழுக்கப் பையில் வந்த மீனின் தண்ணீரில் அம்மோனியா சேர்ந்திருக்கும். கரியமில வாயுவால் பிஎச் இறங்கியிருப்பதால்தான் அது அதுவரை மீனைத் தாக்கவில்லை. பையை அவிழ்த்துக் காற்றுப் பட்டதும் பிஎச் ஏறி அம்மோனியா நஞ்சாகிவிடும். அந்த நிலையில் மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கலப்பது மீனை அதிலேயே ஊறவைப்பதுதான். பையை மூடியபடியே 20 நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்துங்கள். கடைக்காரரிடம் உப்பளவை முன்பே கேட்டு, தனியாக வைத்திருக்கும் கண்காணிப்புத் தொட்டியில் அதே அளவு தயாராக வையுங்கள். பையை அவிழ்த்ததும் கோப்பையால் மீனை மட்டும் எடுத்து அதில் விடுங்கள், பைத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றுங்கள்.