ஆய்வக வைரத்தில் நிச்சயதார்த்த மோதிரம்: கல்லைப் பார்த்துக்கொண்டே மோதிரத்தைக் கோட்டை விடாதீர்கள்

கேரள எல்லையான வாளையாருக்கு அந்தப் பக்கம் பாலக்காடு, திருச்சூர். இந்தப் பக்கம் கோவை கிராஸ்கட் ரோடு. எங்கே போய் நிச்சயதார்த்த மோதிரம் கேட்டாலும் ஆய்வகத்தில் வளர்த்த வைரம் வைத்த ஒற்றைக்கல் மோதிரத்தையும் இப்போது தட்டில் எடுத்து வைக்கிறார்கள். அதே எடையுள்ள சுரங்க வைரத்தோடு பார்த்தால் விலை மிகக் குறைவு. நல்ல விஷயம்தான். ஆனால் மிச்சமான பணத்தை எல்லோரும் கல்லிலேயே திரும்பக் கொட்டுகிறார்கள். ‘டி கலர் (நிறமே இல்லாத உச்சத் தரம்), விவிஎஸ் (உயர்ந்த தெளிவுத் தரம்), இரண்டு கேரட் (கல்லின் எடை)’ என்று கேட்டு வாங்குகிறார்கள். ஆறு மாதத்தில் கல் ஆடுகிறது, வளையம் நெளிகிறது. மிச்சமாகும் காசு கல்லின் வெட்டுக்கும் மோதிரத்தின் வேலைப்பாட்டுக்கும் போக வேண்டும்.

முதலில் கல் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஹெச்பிஹெச்டி, சிவிடி என்ற இரண்டு முறைகளில் வளர்ப்பதும் கரியணுவாலான அசல் வைரம்தான். சுரங்க வைரத்தின் அதே கடினம், அதே ஒளி. ‘அமெரிக்கன் டைமண்ட்’ என்பது கியூபிக் சிர்கோனியா, வைரமே இல்லை. மாய்சனைட்டும் வேறு பொருள். வெப்பத்தை வைத்துச் சோதிக்கும் சாதாரண டெஸ்டர் பேனா மாய்சனைட்டையும் வைரம் என்றே காட்டிவிடும். அதனால் கடைக்காரர் பேனாவை வைத்துப் ‘பீப்’ என்று ஒலித்துக் காட்டுவதை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. லூப் எனும் பத்து மடங்கு உருப்பெருக்கிக் கண்ணாடியில் கல்லைச் சற்றுச் சாய்த்துப் பாருங்கள். பின்பக்கப் பட்டைகளின் கோடுகள் இரட்டையாகத் தெரிந்தால் அது மாய்சனைட்.

சான்றிதழைக் கையில் வாங்கிப் பத்திரமாக வைப்பதோடு வேலை முடியாது. கல்லின் விளிம்பில், கர்டில் என்ற இடத்தில், லேசரால் எண் பொறித்திருப்பார்கள். வைரத்தைத் தரம் பார்க்கும் ஐஜிஐ நிறுவனத்தின் அறிக்கை என்றால் எண் ‘எல்ஜி’ என்று தொடங்கும். லூப்பில் அந்த எண்ணைப் படித்து, அறிக்கையோடும் அந்த நிறுவனத்தின் இணையதளத்தோடும் ஒப்பிட வேண்டும். கல்லை மோதிரத்தில் பதித்த பிறகு பிடி மறைத்துவிட்டால் படிக்க முடியாது. பதிப்பதற்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது. இன்னொன்று: ஜிஐஏ என்ற இன்னொரு தர ஆய்வு நிறுவனம் 2025 அக்டோபர் முதல் ஆய்வக வைரங்களுக்கு டி, ஈ, விஎஸ் போன்ற தரங்களைத் தருவதில்லை, ‘பிரீமியம்’, ‘ஸ்டாண்டர்டு’ என்ற இரண்டு வகைதான். பழைய ஜிஐஏ அறிக்கையையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, எழுத்து இல்லாததால் தரம் குறைவு என்று எண்ண வேண்டாம்.

நிறத்திலும் தெளிவிலும் தேவைக்கு மேல் பணம் போவது வழக்கமான தவறு. விவிஎஸ்ஸுக்கு அடுத்த தரமான விஎஸ்1, விஎஸ்2 கல்லில் வெறும் கண்ணுக்குப் பொதுவாகக் குறை எதுவும் தெரியாது. மஞ்சள் தங்கத்தில் பதிப்பதாக இருந்தால் ஜி, ஹெச் நிறமே தாராளம். வீட்டுப் பெரியவர்கள் கரும்புள்ளி இருக்கக் கூடாது என்பார்கள். அந்தச் சொல்லை மதித்து, புள்ளி கல்லின் நடுவே இல்லாமல் பார்த்து எடுங்கள். அதற்காக விவிஎஸ்ஸுக்குத் தாவ வேண்டியதில்லை. அறிக்கையில் எழுத்தாக வராத சாயல் ஒன்று உண்டு, அதைத்தான் கவனிக்க வேண்டும். சில சிவிடி கற்களில் லேசான பழுப்பு இருக்கும். சில ஹெச்பிஹெச்டி கற்களில் போரான் சேர்வதால் நீலம் ஓடும். அந்த நீலத்தை ‘புளூ ஜாகர்’ என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் கொடுக்காதீர்கள். கடையின் ஸ்பாட்லைட்டில் எல்லாக் கல்லும் மின்னும். வெள்ளைத் தாளில் கவிழ்த்து வைத்து, வாசலுக்குக் கொண்டுபோய், நேர் வெயில் படாத பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மங்கலாக, புகை படிந்ததுபோல் தெரிந்தால் அது எந்தத் தரமானாலும் வேண்டாம்.

வெட்டுதான் உயிர். நிறத்தில் ஒரு படி இறங்கினால் யாருக்கும் தெரியாது; வெட்டில் ஒரு படி இறங்கினால் கல் செத்துப்போகும். வட்டக் கல்லுக்கு அறிக்கையில் இந்த எண்களைத் தேடுங்கள்: டேபிள் (கல்லின் மேலுள்ள தட்டைப் பரப்பு) 54 முதல் 58 சதவீதம், ஆழம் 59 முதல் 62.5 சதவீதம், மேல் கோணம் (கிரவுன்) 34 முதல் 35 டிகிரி, கீழ்க் கோணம் (பெவிலியன்) 40.6 முதல் 41 டிகிரி. மேல் கோணம் கூடினால் கீழ்க் கோணம் சற்றுக் குறைந்திருக்க வேண்டும். ஆழம் அதிகமானால் எடை அடியில் ஒளிந்துகொள்ளும்: ஒரு கேரட்டுக்குக் காசு கொடுப்பீர்கள், 90 சென்ட் (100 சென்ட் ஒரு கேரட்) கல்லின் அகலம்தான் தெரியும், நடுவே இருட்டும் விழும். ஆழம் குறைந்தால் டேபிளுக்குள் வெளுத்த வளையம் தெரியும். மீன்கண் என்பது அதுதான். சரியாக வெட்டிய ஒரு கேரட் வட்டக் கல் சுமார் 6.5 மி.மீ. அகலம் இருக்கும், இரண்டு கேரட் 8.1 மி.மீ. எடை இரட்டிப்பானாலும் அகலம் கால் பங்குதான் கூடுகிறது. ஒல்லியான விரலுக்கு ஒரு கேரட்டே நிறைவாக இருக்கும். ஓவல், பேரிக்காய் வடிவங்களில் எண்கள் போதாது. கல்லின் நடுவில் குறுக்கே கறுப்பாக வில் டை கட்டியதுபோல் நிழல் விழுகிறதா என்று கையை அசைத்து நேரில் பார்த்தே எடுக்க வேண்டும்.

இனி மோதிரம். 22 கேரட் தங்கத்தில்தான் (இங்கே கேரட் எடை இல்லை, தங்கத்தின் தூய்மை) செய்ய வேண்டும் என்று வீட்டில் சொன்னால் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். 916 தங்கம் மென்மையானது. கல்லைப் பிடிக்கும் பிராங் நாளடைவில் விரியும். ஒற்றைக்கல்லுக்கு 18 கேரட், அதாவது 750, சரியான உலோகம். கம்மல், பேசரியில் வழங்கும் குளோஸ் செட்டிங்கும் இங்கே ஒத்துவராது. அடி மூடியிருந்தால் பின்னால் அழுக்குச் சேரும், சுத்தம் செய்ய வழியிருக்காது. ஓபன் செட்டிங்காகவே கேளுங்கள். நான்கு பிராங்கில் ஒன்று போனாலே கல் விழும் அபாயம் உண்டு. தினமும் போடும் கைக்கு ஆறு பிராங் நல்லது. கூர்முனை உள்ள வடிவங்களுக்கு முனையை மூடும் ‘வி’ பிராங் அவசியம். கொஞ்சம் பஞ்சை எடுத்துப் பிராங்குகளின் மேல் தேய்த்துப் பாருங்கள். நூல் மாட்டினால் முனை கல்லின் மேல் படிந்து உட்காரவில்லை என்று அர்த்தம்; பட்டுச் சேலையின் ஜரிகையிலும் அது மாட்டும். வளையத்தின் கனம் 1.6 முதல் 1.8 மி.மீ. இருக்கட்டும். எடையைக் குறைக்க 1.3 மி.மீ.க்கு இழுத்தால் பெரிய கல்லின் பாரத்தில் சீக்கிரம் கோணிவிடும். வெள்ளைத் தங்கத்தின் வெண்மை ரோடியம் பூச்சால் வருவது. தினசரிப் புழக்கத்தில் ஒன்றிரண்டு வருடத்தில் தேய்ந்து மறுபூச்சு கேட்கும். அதற்கு என்ன கூலி என்று வாங்கும்போதே கேட்டு வையுங்கள்.

அளவுக்கு நூலைச் சுற்றி எடுக்காதீர்கள்; நூல் இழுபடும். பெண்ணுக்குத் தெரியாமல் எடுப்பதாக இருந்தால் அதே கை, அதே விரலில் போடும் மோதிரம் ஒன்றைக் கொண்டுபோங்கள். நேரில் என்றால் மாலையில் அளவு எடுங்கள். காலைக் குளிரில் விரல் சுருங்கியிருக்கும். இந்திய மோதிர அளவில் 12 என்றால் உட்சுற்று சுமார் 52 மி.மீ. கணுவைத் தாண்டும்போது சற்று இறுக்கமாக இருக்க வேண்டும். தளர்ந்தால் தலைபாரத்தில் கல் உள்ளங்கைப் பக்கம் சுழலும்.

பில்லில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரு கேரட் கல்லின் எடை 0.2 கிராம். மோதிரம் மொத்தம் 4 கிராம் என்றால் தங்கம் 3.8 கிராம்தான், நிகர எடைக்கு மட்டுமே தங்க விலை போட வேண்டும். 22 கேரட் கிராம் 10,000 ரூபாய் என்று கணக்குக்கு வைத்தால், 18 கேரட் சுமார் 8,190 ரூபாய். கோவையில் சேதாரம், செய்கூலி என்றும் பாலக்காட்டில் பணிக்கூலி என்றும் எழுதுவார்கள். இரண்டு பக்கமும் ஜிஎஸ்டி 3 சதவீதம்தான். நான்கு கிராம் தங்கத்துக்காக அன்றைய போர்டு ரேட் வித்தியாசத்தைப் பார்த்து எல்லை தாண்டுவதில் லாபமில்லை. கூலியையும் கல்லின் விலையையும் ஒப்பிடுங்கள். எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹால்மார்க் அடையாளமான ஹெச்யுஐடியை பிஐஎஸ் கேர் செயலியில் சரிபாருங்கள். அது தங்கத்துக்கு மட்டும். கல்லுக்கு எந்த உத்தரவாதமும் தராது. பில்லில் ‘ஆய்வக வைரம்’ என்றும் அறிக்கை எண்ணும் தனியாக எழுதியிருக்க வேண்டும்.

இது முதலீடு இல்லை. ஆய்வக வைரத்தின் விலை சில ஆண்டுகளாக இறங்கிக்கொண்டே வருகிறது. 2018இல் சுரங்க வைர நிறுவனமான டி பியர்ஸ் தொடங்கிய லைட்பாக்ஸ் என்ற ஆய்வக வைர நகைப் பிராண்டை மூடுவதாக அந்த நிறுவனமே 2025இல் அறிவித்தது. அடகு வைக்கப் போனாலும் கல்லைக் கழித்துத் தங்கத்துக்குத்தான் பணம் தருவார்கள். மாற்றிக்கொள்ளும்போது கல்லுக்கு எத்தனை சதவீதம் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

பிறகு அளவு மாற்ற ஆசாரியிடம் கொடுத்தால் கல் வைரம் என்று சொல்லிக் கொடுங்கள். போரிக் அமிலம் பூசாமல் தீயைக் காட்டினால் கல்லின் மேற்பரப்பு வெளுத்துப்போகும். திரும்பப் பட்டை தீட்டியாக வேண்டும். வைரம் எண்ணெய்ப் பசையை இழுக்கும். தேங்காய் எண்ணெய் பட்ட கையால் தொட்டாலே மங்கும். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்டு, 15 நிமிடம் ஊறவைத்து, மென்மையான பல் துலக்கும் பிரஷால் கல்லின் அடியில் தேயுங்கள். பிளீச்சிங் கலந்த நீரில் கையை விடும்போது கழற்றிவிடுங்கள், குளோரின் தங்கக் கலவையை அரிக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மோதிரத்தைக் காதருகே வைத்து விரலால் தட்டுங்கள். ‘டிக் டிக்’ என்று கேட்டால் கல் ஆடுகிறது. அன்றே கழற்றிக் கடைக்குக் கொண்டுபோங்கள்.