பாக்டீரியாச் சாயம்: எங்கே சறுக்குகிறோம்?

செராட்டியா மார்செசன்ஸ் என்ற பாக்டீரியா அகார் தட்டில் (கிருமி வளர்க்கும் கூழ் நிரப்பிய தட்டு) ரத்தச் சிவப்பாகப் படரும். அந்த நிறமியின் பெயர் புரோடிஜியோசின். துணிக்கு நிறம் தரும், சில கிருமிகளையும் தடுக்கும்.

இந்தச் சாயம் தயாரிப்பதில் முதல் தவறு, கிருமி வளர்க்கும் வெப்பப் பெட்டியான இன்குபேட்டரிலேயே நடந்துவிடுகிறது. பாக்டீரியா என்றாலே 37 டிகிரி செல்சியஸ் வைத்துப் பழகிவிட்டோம். அந்தச் சூட்டில் செராட்டியா நன்றாக வளரும், ஆனால் வெளுத்துப்போய் வளரும். நிறம் வேண்டுமென்றால் 28 டிகிரி போதும். சென்னை அண்ணா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேர்க்கடலைத் தூளில் வளர்த்தபோது, வழக்கமான வளர்ப்பு ஊடகத்தைவிடப் பல மடங்கு நிறமி கிடைத்தது.

அடுத்தது துணி. புரோடிஜியோசின் தண்ணீரில் கரையாது. எத்தனால் (ஆல்கஹால்) போன்ற கரைப்பானில்தான் பிரித்தெடுக்க வேண்டும். பட்டு, கம்பளி, நைலானில் நன்றாகப் பிடிக்கும், பருத்தியில் அவ்வளவாக ஏறாது. முதல் சோதனையைப் பருத்தியில் செய்துவிட்டு மனம் உடைந்து போகாதீர்கள். சாயம் ஏறிய பட்டைச் சோப்புத் தண்ணீரில் முக்கினால் சிவப்பு மெல்ல ஆரஞ்சாகி மஞ்சள் பக்கம் சாயும். சாயம் கரைந்து போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். அமிலத்தில் சிவப்பு, காரத்தில் மஞ்சள் என்பது இந்த நிறமியின் குணம். துளி வினிகர் விட்டுப் பாருங்கள், தெரியும்.

கிருமி எதிர்ப்புச் சோதனையில்தான் நாம் அதிகம் ஏமாறுகிறோம். கிருமி பரப்பிய அகாரில் சாயத் துணியை வைத்து, அதைச் சுற்றிக் கிருமி வளராத தெளிவான வளையம் விழுந்தால் உடனே மகிழ்ந்துவிடுகிறோம். துணியில் மிச்சமிருந்த எத்தனால்கூடக் கிருமியைக் கொன்றிருக்கலாமே? எத்தனாலில் மட்டும் நனைத்து உலர்த்திய துணி ஒன்று, சாயமே போடாத துணி ஒன்று, இரண்டும் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். வளையம் விழவில்லை என்றாலும் கைவிட வேண்டாம். தண்ணீரில் கரையாத நிறமி அகாரில் எளிதில் பரவாது. துணியின் மேல் கிருமியை விட்டு, சில மணி நேரம் கழித்து எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பதுதான் சரியான வழி. துணியைத் துவைத்த பிறகு அதையே இன்னொரு முறை செய்யுங்கள்.

அப்புறம், 'இயற்கை' என்ற சொல்லை நம்பிக் கையுறையைக் கழற்றாதீர்கள். செராட்டியா எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களைத் தொற்றும். வயலசீன் என்ற ஊதா நிறமியைத் தரும் குரோமோபாக்டீரியம் என்ற இன்னொரு பாக்டீரியா தொற்றுவது அபூர்வம். தொற்றினால் உயிரையே எடுக்கலாம். உயிருள்ள பாக்டீரியாவை நேரடியாகத் துணியில் வளர்த்திருந்தால், ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமி கொல்லும் கருவி) வைத்த பிறகே தொடுங்கள்.

வெயிலும் இந்தச் சிவப்பை வெளுக்கும். துணியின் பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி மாடியில் வையுங்கள். சாயங்காலம் அட்டையை எடுத்து இரண்டு பாதியையும் ஒப்பிடுங்கள்.